கதைவேந்தர் ஆண்டர்சன்

எல்லாராலும் எள்ளி நகையாடப்பட்ட வாத்துக்குஞ்சு ஒன்று, நாளடைவில் அழகிய அன்னமாக வளர்ந்து வானில் பறந்த கதையை அறியாத மாணவர் நம் பள்ளியில் இலர். முதலாம் ஆண்டில் பயிலும் சின்னஞ்சிறாரும் அதனை அறிவர். ஆனால் அக்கதையை எழுதியவர் யார், அவர் எந்நாட்டினர், எத்தகைய வீட்டில் பிறந்தவர் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. ஆகவே, இவ்வாண்டு மலரில் அப்பெருமகனாரின் வாழ்க்கையைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அவர் பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். மன்னர்கள் அவரைத் தம் மாளிகைக்கு அழைத்து அருகில் அமர்த்திக் கதை கேட்டனர். ஆயினும் அவர் பிறந்தது மாளிகையில் அன்று. செருப்புத் தைத்துப் பிழைத்த தந்தைக்கும், பிறர் துணிகளை ஆற்றிலே வெளுத்துப் பிழைத்த தாய்க்கும் பிறந்த ஒரே மகன் அவர். உழைத்து உண்ணும் மக்களின் பிள்ளைகள் பயிலும் நம் தோட்டப் பள்ளியின் மலரில் அவர் வரலாறு இடம்பெறுவது மிகவும் பொருத்தமே.

ஒற்றை அறை வீடு

ஐரோப்பாவின் வடபகுதியில் கடல் சூழ்ந்த சிறு நாடு டென்மார்க். அந்நாட்டின் தீவுகளுள் ஒன்று ஃபூனென். அத்தீவின் தலைமையான நகரம் ஓடென்ஸ். அங்கே 1805ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 2ஆம் நாள் ஆண்டர்சன் பிறந்தார். தந்தையார் பெயரும் ஹான்ஸ் என்பதே. தாயார் பெயர் அன்னா மரியா.

அவர்கள் குடியிருந்த வீட்டில் ஓர் அறையே இருந்தது. தந்தையார் செருப்புத் தைப்பதும் அங்கேதான்; குடும்பத்தார் உண்பதும் உறங்குவதும் அங்கேதான். தோட்டம் போட நிலம் இல்லை. எனினும், கூரையோரத்தில் இரு வீடுகளுக்கும் இடையே ஒரு பெட்டியை வைத்து, அதில் மண் நிரப்பி, சமையலுக்கு வேண்டிய கீரை வகைகளைத் தாயார் வளர்த்தார். நம் லயத்து வீடுகளின் ஓரத்தில் பழைய வாளியிலும் தகரத்திலும் கீரையும் மிளகாயும் வளர்க்கும் தாய்மார்களை இது நினைவூட்டவில்லையா? பிற்காலத்தில் ஆண்டர்சன் எழுதிய 'பனி அரசி' என்னும் புகழ்பெற்ற கதையில் அந்தக் கூரைத் தோட்டம் ரோசாச் செடிகளோடு இடம்பெற்றது.

தந்தையார் கல்வியில் பெருவேட்கை உடையவர். வறுமையால் அவருக்குப் படிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஒருநாள் உயர்ந்த பள்ளி ஒன்றில் பயிலும் மாணவன் ஒருவன் காலணிக்கு அளவு கொடுக்க வந்தான். தன் நூல்களை அவரிடம் காட்டித் தான் கற்பவற்றைப் பற்றிப் பேசினான். அவன் சென்றபின், தாமும் சென்றிருக்கவேண்டிய வழி அதுவே என்று எண்ணித் தந்தையார் கண்கலங்கினார். அருகில் நின்ற சிறுவன் ஹான்ஸ் அதனைக் கண்டான். அந்தக் கண்ணீரை அவன் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

தமக்குக் கிட்டாத செல்வத்தைத் தம் மகனுக்கு வழங்க அத்தந்தையார் தம்மால் இயன்றதைச் செய்தார். மாலை வேளைகளில் அரபு நாட்டு ஆயிரத்தோர் இரவுக் கதைகளை மகனுக்குப் படித்துக் காட்டினார். ஹோல்பர்க் என்னும் டென்மார்க் நாடக ஆசிரியரின் நாடகங்களையும் படித்தார். தம் கையாலேயே பொம்மலாட்ட அரங்கு ஒன்றைச் செய்து கொடுத்தார். சிறுவன் பொம்மைகளுக்குத் துணி தைத்து உடுத்தித் தானே நாடகம் நடத்தி மகிழ்ந்தான். பாட்டியார் ஏழை நோயாளர் விடுதியொன்றின் தோட்டத்தில் வேலை செய்தார். அங்கு நூல் நூற்கும் முதிய பெண்கள் கூறிய பழங்கதைகளையும் பேய்க்கதைகளையும் சிறுவன் ஆவலோடு கேட்டான். பிற்காலத்தில் உலகமே வியந்த கதைகளின் விதை இவ்வாறுதான் விழுந்தது.

அந்நாளில் பிரான்சு நாட்டின் நெப்போலியன் நடத்திய போர்களில் டென்மார்க்கும் சிக்கியது. 1812ஆம் ஆண்டு தந்தையார் படையில் சேர்ந்தார். வேறொருவருக்கு மாற்றாகப் போனால் கிடைக்கும் பணமும் அதற்கு ஒரு காரணம். 1814ஆம் ஆண்டு உடல் நலிந்து திரும்பினார். 1816ஆம் ஆண்டு மறைந்தார். அப்பொழுது மகனுக்கு வயது 11.

கைபற்றி நடந்த ஆசிரியர்

சிறுவன் ஹான்ஸ் சேர்ந்த முதல் பள்ளியை ஒரு முதியவள் நடத்தினாள். மகனை அடிக்கலாகாது என்று தாயார் முன்பே கூறியிருந்தார். ஒருநாள் அம்முதியவள் அவன்மீது பிரம்பை வீசினாள். சிறுவன் ஒன்றும் பேசாமல் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டான். தாயாரும் அவனை மீண்டும் அங்கே அனுப்பவில்லை.

அடுத்துச் சேர்ந்த பள்ளியில் கார்ஸ்டென்ஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். அங்குப் பயின்றோருள் ஹான்ஸே சிறியவன். ஓய்வு வேளையில் பெரிய பிள்ளைகள் ஓடியாடி விளையாடுவர். அவர்கள் மோதிச் சிறுவன் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அவ்வாசிரியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உலவுவார். இது மிகச் சிறிய செயல்தான். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆய்வாளர் வந்தால் இதனைக் குறித்துக்கொள்ளவும் மாட்டார். எனினும், ஆண்டர்சன் பெரும்புகழ் பெற்றுத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அந்தக் கையை மறவாமல் எழுதினார்.

அப்பள்ளியும் விரைவில் மூடப்பட்டது. தந்தை மறைந்தபின் தாயார் பிறர் துணிகளை வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். மகனும் துணி ஆலையொன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டான். அவனுக்கு இனிய குரல் இருந்தது. தொழிலாளர் அவனைப் பாடச் சொல்லிக் கேட்டனர். ஆனால் சிலர் அவன் குரலைக் கேலி செய்து, அவன் பெண்ணோ என்று சோதிக்க முற்பட்டனர். அழுதுகொண்டே தாயிடம் ஓடிவந்தான். இனி அங்கு அனுப்பமாட்டேன் என்று தாயார் வாக்களித்தார். பின்னர் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் சிறிது கற்றான். எழுத்துப் பிழையின்றி எழுத அவனுக்கு அப்பொழுதும் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் அத்தொல்லை அவரை விடவில்லை என்பதும் உண்மை.

பதினான்கு வயதில் தலைநகர்

நாடகத்தின்மீது தீராத காதல் கொண்ட ஹான்ஸ், தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் செல்லத் துடித்தான். தையல் தொழில் கற்கவேண்டும் என்பதே தாயாரின் விருப்பம். மகன் அழுது மன்றாடினான். தாயார் குறி சொல்லும் கிழவியொருத்தியை அழைத்துக் கேட்டார். இவன் பெரியவனாவான், இவனுக்காக ஓடென்ஸ் நகரம் ஒருநாள் விளக்கேற்றிக் கொண்டாடும் என்று அவள் கூறினாள். தாயார் கண்ணீரோடு இசைந்தார்.

1819ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், சிறு மூட்டையோடும் சேர்த்து வைத்திருந்த 13 ரிக்ஸ்டேலர் காசோடும் அஞ்சல் வண்டியேறி, பின்னர்க் கப்பலேறித் தலைநகரை அடைந்தான் அச்சிறுவன். வயது 14. அங்கே அவனுக்கு உற்றார் ஒருவரும் இலர்.

புகழ்பெற்ற நடனமணி ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பியையே பறையாகத் தட்டி ஆடிக் காட்டினான். அவ்வம்மையார் அவனைப் பித்தன் என்றே எண்ணினார். நாடக அரங்கின் தலைவரோ அவன் மிகவும் மெலிந்தவன் என்று திருப்பி அனுப்பினார். சிபோனி என்னும் இத்தாலிய இசையாசிரியர் இரங்கி உணவளித்துப் பாட்டும் கற்பித்தார். ஆனால் குளிர்காலத்தில் கிழிந்த காலணியோடு நடந்த அவனுக்குக் குரல் உடைந்தது. பாட்டும் கைவிட்டது. நடனப் பள்ளியிலும் நிலைக்கவில்லை. எழுதிய நாடகங்களும் திரும்பி வந்தன. மூன்று ஆண்டுகள் பல நாள் பட்டினியோடு கழிந்தன.

ஆயினும் திருப்பி அனுப்பப்பட்ட நாடகம் ஒன்றில், பிழைகளுக்கிடையே ஏதோ ஓர் ஒளி இருப்பதை அரங்கின் பொறுப்பாளர்கள் கண்டனர். அவர்களுள் யோனாஸ் காலின் என்பவர் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர். முறையான கல்வி பெறாமையே இவ்விளைஞனின் குறை என்று உணர்ந்த அவர், மன்னரின் நிதியிலிருந்து உதவி பெற்று, ஸ்லாகெல்சே என்னும் ஊரில் உள்ள இலத்தீன் பள்ளிக்கு அவரை அனுப்பிவைத்தார். அந்நாள் தொட்டுக் காலினின் இல்லம் ஆண்டர்சனுக்குத் தாய்வீடு போல் ஆயிற்று.

ஒரு தலைமையாசிரியரின் நாவு

இனி நாம் கூறப்போகும் பகுதி, எம்மைப் போன்ற ஆசிரியர்கள் வெட்கத்தோடு படிக்க வேண்டிய பகுதி.

1822ஆம் ஆண்டு அப்பள்ளியில் சேர்ந்தபோது ஆண்டர்சனுக்கு வயது 17. வகுப்பில் உடனிருந்தோர் 11, 12 வயதுச் சிறுவர். நெட்டையான உடலும் நீண்ட மூக்கும் கொண்ட அவர், அச்சிறுவர்களிடையே அமர்ந்து எழுத்தும் இலக்கணமும் கற்றார். இலத்தீனும் கிரேக்கமும் அவருக்கு மலைபோல் தோன்றின. மனம் தளராமல் இரவெல்லாம் விழித்துப் படித்தார். உறக்கம் வந்தால் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொள்வார்.

பள்ளியின் தலைமையாசிரியர் சைமன் மெய்ஸ்லிங் என்பவர். அவர் பெரும் புலவர். கிரேக்க, இலத்தீன் நூல்களைத் தம் மொழியில் பெயர்த்தவர். ஆனால் நாவடக்கம் இல்லாதவர். மாணவர் முன்னிலையில் ஆண்டர்சனை அறிவிலி என்று இழித்துரைத்தார். கவிதை எழுதலாகாது என்று தடை விதித்தார். 1826ஆம் ஆண்டு மெய்ஸ்லிங் ஹெல்சிங்கோர் என்னும் ஊருக்கு மாற்றலாகிச் சென்றபோது ஆண்டர்சனும் உடன் சென்று அவர் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. பள்ளியிலும் ஏச்சு, வீட்டிலும் ஏச்சு. இறக்கும் தறுவாயில் உள்ள குழந்தை தன் தாயோடு பேசுவதாக ஆண்டர்சன் அங்கே ஒரு கவிதை எழுதினார். அதனையும் தலைமையாசிரியர் இகழ்ந்து தள்ளினார். அக்கவிதையோ பின்னர் அச்சேறிப் பல மொழிகளில் பரவியது.

அப்பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் மட்டும் இக்கொடுமையைக் கண்டு வாளாவிருக்கவில்லை. அவர் தலைநகர் சென்று காலினிடம் உண்மையை எடுத்துரைத்தார். காலின் 1827ஆம் ஆண்டு ஆண்டர்சனை அங்கிருந்து உடனே மீட்டுத் தனியாசிரியரிடம் படிக்க வைத்தார். மறு ஆண்டே அவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார்.

தீப்புண்ணினும் நாவினால் உண்டாகும் புண் கொடிது என்று வள்ளுவப் பெருந்தகை நமக்கு அறிவுறுத்தியுள்ளார். அதற்கு ஆண்டர்சனின் வாழ்வே சான்று. உலகப் புகழ் பெற்றுத் தலை நரைத்த பின்பும், மெய்ஸ்லிங்கின் முன் பாடம் தெரியாமல் நிற்பதாக அவர் கனவு கண்டு நடுங்கினார். அவருடைய நாட்குறிப்புகள் இதனைத் தெரிவிக்கின்றன.

சலவைத் தொழிலாளியின் கதை

1833ஆம் ஆண்டு மன்னர் வழங்கிய உதவித் தொகையால் ஆண்டர்சன் இத்தாலிக்குப் பயணம் மேற்கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் உரோம் நகரில் இருந்தபோது தாயார் மறைந்த செய்தி அவருக்கு எட்டியது. ஏழைகள் விடுதியில் அவ்வம்மையார் உயிர்நீத்திருந்தார். எழுத அறியாத அவர், பிறரைக் கொண்டே மகனுக்குக் கடிதம் எழுதுவித்து வந்தார். மகனின் கதைகளுள் ஒன்றைக்கூட அவர் கேட்கும் பேறு பெறவில்லை. அவை அப்பொழுது எழுதப்படவே இல்லை.

அவ்வம்மையாரின் இறுதி ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. ஆற்றின் கடுங்குளிர் நீரில் முழங்கால் அளவு நின்று ஆண்டுக்கணக்கில் துணி வெளுத்தவர் அவர். குளிரைத் தாங்க மது அருந்தினார். பின்னர் அதுவே அவரைப் பற்றிக்கொண்டது. ஊரார் பழித்தனர்.

ஆண்டர்சன் சிறுவனாயிருந்தபோது நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறவேண்டும். துணி வெளுக்கும் வேறொரு பெண்ணுக்கு அவள் மகன் மதுப்புட்டி எடுத்துச் சென்றான். அதனைக் கண்ட ஒருத்தி, அப்பெண் ஒன்றுக்கும் உதவாதவள் என்று சன்னலிலிருந்து ஏசினாள். வீட்டிற்கு வந்து ஹான்ஸ் இதனைச் சொன்னபோது, எல்லாரும் அப்பெண்ணையே குறை கூறினர். அவன் தாய் ஒருவர் மட்டுமே அவளுக்காகப் பரிந்து பேசினார். குளிர்நீரில் நின்று பாடுபடுகிறாள், பல நாள் சூடான உணவும் காணாள், அவளை அவ்வளவு கடுமையாகப் பழிக்கலாகாது என்றார்.

அச்சொற்களை மகன் மறக்கவில்லை. 1852ஆம் ஆண்டு, ஒன்றுக்கும் உதவாதவள் என்று ஊராரால் பழிக்கப்பட்ட சலவைப் பெண்ணொருத்தியின் கதையை அவர் எழுதினார். மகனைப் படிக்க வைப்பதற்காகவே உழைத்து, ஆற்றங்கரையிலேயே விழுந்து மாண்ட தாய் அவள். அவள் எவ்வளவு உயர்ந்தவள் என்பதைக் கதையின் முடிவில் படிப்போர் அறிவர். மன்னர்களோடு விருந்துண்ட நாளிலும் ஆண்டர்சன் தம் தாயின் தொழிலை மறைக்கவில்லை. அதனையே கதையாக்கி உலகறியச் செய்தார்.

'தீக்குச்சி விற்ற சிறுமி' என்னும் கதையும் இத்தகையதே. அத்தாயார் சிறுமியாயிருந்தபோது, பிச்சை எடுத்துவரும்படி பெற்றோரால் துரத்தப்பட்டார். கை நீட்ட மனம் வராமல் ஆற்றுப் பாலத்தின் அடியில் நாள் முழுவதும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். 1845ஆம் ஆண்டு, தீக்குச்சி விற்கும் ஏழைச் சிறுமியின் படம் ஒன்று ஆண்டர்சனுக்கு அனுப்பப்பட்டு, அதற்கொரு கதை எழுதும்படி கேட்கப்பட்டபோது, அவர் உள்ளத்தில் எழுந்தது இந்தத் தாயின் உருவமே என்று கருதுவோர் பலர்.

கதைகள் பிறந்தன

1835ஆம் ஆண்டு ஆண்டர்சன் தம் முதல் நாவலை வெளியிட்டுப் பெயர் பெற்றார். அதே ஆண்டு மே திங்களில் குழந்தைகளுக்கான நான்கு கதைகள் கொண்ட சிறு நூல் ஒன்றையும் வெளியிட்டார். பட்டாணியின்மேல் படுத்த இளவரசியின் கதை அவற்றுள் ஒன்று. அறிஞர் சிலர் இந்நூலை விரும்பவில்லை. நீதி கூறாத இக்கதைகள் குழந்தைகளுக்கு ஆகா. இத்தகைய வேலையில் காலத்தை வீணாக்க வேண்டா என்று அறிவுரை கூறினர். ஆனால் மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த அறிவியல் மேதை எர்ஸ்டெட், நாவல் அவருக்குப் புகழ் தரும் என்றும், கதைகளோ அவரை அழியாதவராக்கும் என்றும் கூறினார். அவர் வாக்கே பலித்தது.

அக்கதைகளில் அப்படி என்ன புதுமை? முதலாவது, அவற்றின் மொழி. அந்நாளில் நூல் என்றால் கடினமான நடையில்தான் எழுதுவர். ஆண்டர்சனோ ஒரு குழந்தையை எதிரில் அமர்த்தி வாயால் சொல்வது போலவே எழுதினார். இரண்டாவது, அவர் பாட்டிமார் கூறிய பழங்கதைகளைத் திருப்பிச் சொல்வதோடு நிற்கவில்லை. புதிய கதைகளைத் தாமே படைத்தார். ஒற்றைக்கால் தகரப் படைவீரன், தேவதாரு மரம், தைக்கும் ஊசி, தெரு விளக்கு ஆகிய எல்லாம் அவர் கதைகளில் பேசின, மகிழ்ந்தன, வருந்தின. மூன்றாவது, எல்லாக் கதைகளும் இன்பமாக முடியவில்லை. ஏழைகளின் துன்பத்தைக் குழந்தைகளிடமிருந்து அவர் மறைக்கவில்லை.

1837ஆம் ஆண்டு 'குட்டிக் கடற்கன்னி', 'சக்கரவர்த்தியின் புதிய ஆடை' ஆகியவை வெளிவந்தன. ஆடையே அணியாத சக்கரவர்த்தியைப் பார்த்துப் பெரியோர் எல்லாரும் அஞ்சிப் புகழ, ஒரு சிறு குழந்தை மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. 1843ஆம் ஆண்டு 'அழகற்ற வாத்துக்குஞ்சு' வெளிவந்தது. கோழிகளும் வாத்துகளும் கொத்தித் துரத்திய அக்குஞ்சு வேறு யாருமல்ல. ஆலையிலும் அரங்கிலும் பள்ளியிலும் இகழப்பட்ட ஆண்டர்சனே என்பதை, மாணவச் செல்வங்களே, இப்பொழுது நீங்களே உணர்ந்திருப்பீர்கள். தம் வாழ்நாளில் அவர் எழுதிய கதைகள் 150க்கும் மேற்பட்டவை. அவை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன.

குணமும் குறையும்

பெரியோர் வரலாற்றைக் கூறுங்கால் அவர்தம் குறைகளை மறைத்தல் முறையன்று. ஆண்டர்சன் புகழ்ச்சியை மிக விரும்பினார். சிறு கண்டனத்தையும் பொறாது அழுதுவிடுவார். இளமையில் பட்ட காயங்கள் அவ்வாறு செய்தன போலும். அச்சமும் அவருக்கு மிகுதி. பயணம் செல்லும்போது, தீப்பற்றினால் சன்னல் வழியே இறங்குவதற்கென்று ஒரு கயிற்றைப் பெட்டியில் எடுத்துச் செல்வார். உறங்கும்போது தம்மை இறந்தவர் என்று எண்ணிப் புதைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, தாம் இறக்கவில்லை என்று தாளில் எழுதிக் கட்டிலின் அருகே வைப்பார். இவ்வளவு அச்சம் கொண்டவர், வாழ்நாளில் ஏறத்தாழ 30 முறை வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டார் என்பது வியப்பே.

கத்தரிக்கோலால் தாள் வெட்டுவதில் அவர் வல்லவர். குழந்தைகளை அமர்த்திக் கதை சொல்லிக்கொண்டே தாளை மடித்து வெட்டுவார். கதை முடியும்போது தாளை விரித்தால் அன்னமும் ஆடல் மகளிரும் அரண்மனையும் தோன்றும். அத்தாள் வேலைப்பாடுகள் பல இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடும் கட்டவில்லை. வாடகை அறைகளிலும் நண்பர் இல்லங்களிலுமே வாழ்ந்தார்.

நகரம் விளக்கேற்றியது

1867ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 6ஆம் நாள், ஓடென்ஸ் நகரம் ஆண்டர்சனைத் தன் மதிப்புக்குரிய குடிமகனாக அறிவித்துப் பாராட்டு விழா எடுத்தது. மாலையில் வீடெங்கும் விளக்குகள் ஒளிர்ந்தன. மக்கள் தீப்பந்தம் ஏந்தி வந்தனர். குறி சொன்ன கிழவியின் வாக்கு 48 ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று. அன்று அவருக்குக் கடுமையான பல்வலி இருந்ததால் பாதி மகிழ்ச்சியும் பாதி வேதனையுமாக நின்றார் என்பதையும் அவரே எழுதியுள்ளார். அவ்விளக்குகளைக் காணத் தாயார் மட்டும் இல்லை.

அவருக்குச் சிலை எழுப்ப எண்ணியபோது, சிற்பிகள் சிலர் குழந்தைகள் அவர்மேல் சாய்ந்திருப்பது போல் மாதிரி அமைத்தனர். ஆண்டர்சன் அதனை ஏற்கவில்லை. தம் கதைகள் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, பெரியோருக்கும் உரியவை என்பது அவர் கருத்து. 1875ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்கள் 4ஆம் நாள், கோபன்ஹேகன் அருகே நண்பர் இல்லமொன்றில் தம் 70ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். செருப்புத் தைத்தவரின் மகனுக்கு இறுதி மரியாதை செலுத்த நாட்டின் மன்னரே வந்திருந்தார்.

அவர் பிறந்த ஏப்ரல் 2ஆம் நாள், 1967ஆம் ஆண்டு முதல் அனைத்துலகக் குழந்தை நூல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சிறந்த குழந்தை எழுத்தாளர்களுக்கு 1956ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் பரிசு வழங்கப்படுகிறது. அவருடைய கடற்கன்னியின் சிலை 1913ஆம் ஆண்டு முதல் கோபன்ஹேகன் கடற்கரையில் வீற்றிருக்கிறது.

நாம் கொள்ள வேண்டுவன

மாணவச் செல்வங்களே! உங்கள் தாய் தந்தையர் பால்மரம் வெட்டுகின்றனரா, செம்பனைக் குலை சுமக்கின்றனரா, கூட்டிப் பெருக்குகின்றனரா? அதனைக் கூற ஒருபோதும் நாணாதீர்கள். ஆற்றில் துணி வெளுத்த தாயே ஆண்டர்சனின் கதைகளுக்கு ஊற்று. பிழை விடுகிறோமே என்று எழுதாமல் இராதீர்கள். பிழையோடு எழுதிய ஒருவரைத்தான் இன்று உலகம் படிக்கிறது. ஆனால் அவர் படிப்பதையும் நிறுத்தவில்லை என்பதை மறவாதீர்கள்.

பெற்றோர்களே! ஒற்றை அறையில், செருப்புத் தைத்த களைப்போடு, ஒரு தந்தை தம் மகனுக்கு இரவில் கதை படித்தார். அதற்குப் பணம் தேவைப்படவில்லை. படிக்க இயலாதவர்கள் தாங்கள் கேட்ட கதையைச் சொல்லலாம். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று வேண்டுகிறோம்.

எம்மோடு பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று கூறவேண்டும். அதனை எம் குறையைக் கூறியே தொடங்குகிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், வேறொரு தோட்டப் பள்ளியில் யாம் கற்பித்தோம். நாள்தோறும் தாமதமாக வந்து கணக்கில் தவறும் மாணவன் ஒருவனை, பால்வாளி தூக்கத்தான் நீ ஏற்றவன் என்று வகுப்பின் முன் ஏசினோம். மறுநாள் முதல் ஒரு வாரம் அவன் வரவில்லை. தேடிச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. நோயுற்ற தாய்க்குத் துணையாக விடியுமுன் எழுந்து, அவர் நிரையில் பால் சேர்த்துவிட்டே அவன் பள்ளிக்கு வந்திருக்கிறான். யாம் இழித்துரைத்தது அவனை மட்டுமன்று; அவன் தாயையும், எமக்குச் சோறிட்ட எம் பெற்றோரின் தொழிலையுமே. அம்மாணவர் இன்று குடும்பத்தோடு நலமாக வாழ்கிறார். வழியில் கண்டால் வணக்கம் கூறுகிறார். அச்சொல்லை அவர் மறந்துவிட்டாரா என்று கேட்கும் துணிவு எமக்கு இன்றுவரை வரவில்லை.

மெய்ஸ்லிங்கிற்கு அத்துணிவு இருந்தது. ஆண்டர்சனின் முதல் நாவல் வெளிவந்தபின், தலைநகரில் அவரைச் சந்தித்தபோது மெய்ஸ்லிங் கை நீட்டினார். உன்னைத் தவறாகக் கருதினேன், தவறாக நடத்தினேன் என்று ஒப்புக்கொண்டார். ஆண்டர்சன் அதனை நன்றியோடு குறித்து வைத்தார். ஆயினும் கனவுகள் நிற்கவில்லை. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது.

ஆகவே, நாம் எந்தக் குழந்தையின் முன் நிற்கிறோமோ அக்குழந்தை எவ்வாறு வளரும் என்பதை அறியமாட்டோம். வாத்தோ அன்னமோ, எதுவாயினும் அது கொத்தப்படவேண்டியதன்று. விளையாட்டுத் திடலில் ஒரு சிறுவனின் கையைப் பற்றி நடந்த கார்ஸ்டென்ஸ் ஆசிரியரின் வழியே நம் வழியாகட்டும். கதைவேந்தர் ஆண்டர்சனின் புகழ் ஓங்குக! நம் பள்ளிச் செல்வங்கள் கற்றுச் சிறந்து வாழ்க!